தவளையில் தடுக்கி நிற்கும் ரயில்

மின்சாரத்தில் ஓடும் குட்டி ரயில் ஒன்றை வாங்கி, வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஓடவிட்டால், முதல் நாள் ஒரு குறையும் இருக்காது. இன்ஜின் சுற்றிச் சுற்றி வரும். வீட்டில் இருக்கும் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் ஆசை கொஞ்சம் வளரும். ஒரே வட்டத்தில் எத்தனை நாள்தான் சுற்றுவது? பக்கத்தில் ஒரு ஸ்டேஷன், அதற்கு ஒரு லூப் லைன், பெட்டிகளை ஒதுக்கி நிறுத்த ஒரு சைடிங்... தடம் பிரிவதற்காக 'பாயிண்ட்' வாங்கி வைப்பார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

அதுவரை ஒழுங்காக வந்த இன்ஜின், பாயிண்டின் நடுவில் வந்ததும் விளக்கு அணைந்து நின்றுவிடும். விரலால் லேசாகத் தள்ளினால் ஓடும். அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடி நிற்கும். வானத்திலிருந்து இறங்கி வந்து ரயிலைத் தள்ளிவிட்டுப் போகும் அந்தப் பெரிய கையைப் பற்றி, பிரிட்டனின் மாடல் ரயில் கிளப்புகளில் கேலி பேசாதவர்கள் இல்லை.

கேலியோடு போனால் பரவாயில்லை. பத்து வயதுப் பையன் நாலு நாள் பொறுமையாகத் தள்ளிப் பார்ப்பான். ஐந்தாம் நாள் ரயில் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். 'இன்ஜின் மட்டம்' என்று முடிவுகட்டிப் பெரியவர்கள் புது இன்ஜின் வாங்கித் தருவார்கள். அதுவும் அதே இடத்தில் நிற்கும். ஆசையாக ஆரம்பித்த ஒரு பொழுதுபோக்கு, ஏன் நிற்கிறது என்றே தெரியாமல் பரணில் ஏறிவிடும்.

குற்றம் பெரும்பாலும் இன்ஜினில் இல்லை. பாயிண்டுக்குக் கொடுக்க வேண்டிய மூன்று நான்கு ஒயர்களில் இருக்கிறது.

குதிரைக் குளம்பில் ஒரு தவளை

பாயிண்டின் உடம்பைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு வெளித் தண்டவாளங்கள் இருக்கும். ஒன்று நேராகப் போகும்; இன்னொன்று வளைந்து பிரியும். அவற்றுக்கு நடுவே, கூராகச் சீவிய இரண்டு துண்டுகள் இடமும் வலமும் நகரும். நம் ரயில்வேக்காரர்கள் இதற்கு 'டங் ரெயில்' என்பார்கள். தமிழில் நாக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். எந்த நாக்கு தன் பக்கத்து வெளித் தண்டவாளத்தோடு ஒட்டுகிறதோ, அதைப் பொறுத்து ரயில் நேராகவோ, பக்கத்திலோ போகும்.

இரண்டு நாக்குகளிலிருந்தும் உள் தண்டவாளங்கள் நீண்டு, ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அந்த இடம் 'வி' எழுத்து மாதிரி இருக்கும். நம்மூரிலும் பிரிட்டனிலும் ரயில்வேயில் இதற்கு 'கிராசிங்' என்று பெயர். அமெரிக்காவில் 'ஃபிராக்', அதாவது தவளை. குதிரைக் குளம்பின் அடியில் முக்கோணமாக ஒரு மெத்தென்ற பகுதி உண்டு. ஆங்கிலத்தில் அதற்கும் தவளை என்றே பெயர். பார்க்க அதே வடிவம் என்பதால் தண்டவாளத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மாடல் ரயில்காரர்களில் பலர் இன்று தவளை என்றுதான் சொல்கிறார்கள். இன்ஜின் தடுக்கி நிற்பது இந்தத் தவளையின் மேல்தான்.

அழகுக்குக் கொடுத்த விலை

உண்மையான நீராவி இன்ஜினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது நிலக்கரியைத் தன்னோடு சுமந்து போகிறது. குட்டி ரயிலுக்கு உணவு தண்டவாளம் வழியாக வருகிறது. ஒரு தண்டவாளத்தில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ், 12 வோல்ட் டி.சி. இடது சக்கரங்கள் ஒன்றை உறிஞ்சும், வலது சக்கரங்கள் மற்றொன்றை. நடுவில் மோட்டார். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் இன்ஜின் பின்னோக்கிப் போகும்.

ஆரம்பத்திலேயே எல்லோரும் இப்படிச் செய்யவில்லை. பிரிட்டனில் 1938-ல் வந்த ஹார்ன்பி டப்ளோ ரயில்களுக்கு மூன்று தண்டவாளம். நடுவில் ஒன்று மின்சாரம் கொண்டுவர, ஓரத்தில் இரண்டும் அதைத் திருப்பி எடுத்துப் போக. ஓரத்தில் இருக்கும் இரண்டும் ஒரே இனம் என்பதால், தவளையில் சண்டையே இல்லை. ஆனால், பார்க்க உண்மையான ரயில் மாதிரி இல்லை. நடுவில் ஒரு கம்பி கண்ணை உறுத்தியது. 1959-ல் டப்ளோவும் இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது. ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி மட்டும் வேறு வழி கண்டது. நடுத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, ஸ்லீப்பர் கட்டைகளின் நடுவே வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உலோகத்தை வைத்தது. அந்த முறை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு தண்டவாளம்தான். அழகு கிடைத்தது. கூடவே தவளையும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு உலோகம், இரண்டு எஜமானர்கள்

இடது தண்டவாளத்துக்குச் சிவப்பு ஒயர், வலது தண்டவாளத்துக்குக் கறுப்பு ஒயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பிரியும் பாயிண்ட் ஒன்று. ரயில் நேராகப் போகும்போது, அதன் இடது சக்கரங்கள் தவளையின் மேல் ஏறிப் போகும். அப்போது தவளை சிவப்பாக இருக்க வேண்டும். ரயில் இடது பக்கம் திரும்பும்போது, அதன் வலது சக்கரங்கள் அதே தவளையின் மேல் ஏறும். அப்போது தவளை கறுப்பாக இருக்க வேண்டும்.

ஒரே உலோகத் துண்டு. ஒரு நேரம் சிவப்பு, ஒரு நேரம் கறுப்பு. நிரந்தரமாக ஒன்றோடு இணைத்துவிட்டால், இன்னொரு வழியில் போகும் ரயில் அதை மிதித்தவுடன் ஷார்ட் சர்க்யூட். பாயிண்ட் ஒயரிங் என்ற தலைவலி முழுக்க இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

கம்பெனிகள் இதற்கு இரண்டு வழி கண்டன.

முதல் வழி, தவளையைப் பிளாஸ்டிக்கில் செய்துவிடுவது. சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, சண்டையே இல்லை. ஒயரிங்கும் வேண்டாம். பிரிட்டனின் டெவன் பகுதியில் இருக்கும் பீக்கோ கம்பெனி இதற்கு 'இன்சுல்ஃபிராக்' என்று பெயர் வைத்திருக்கிறது. பெட்டியைப் பிரித்து வைத்தவுடன் ஓட்டலாம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறார்கள்.

இரண்டாவது வழி, தவளையை உலோகத்திலேயே வைத்து, வழி மாறும்போது அதன் மின்சாரத்தையும் மாற்றுவது. பீக்கோவில் இதன் பெயர் 'எலக்ட்ரோஃபிராக்'. இப்போது 'யூனிஃபிராக்' என்று ஒரு நடுவழியும் வந்திருக்கிறது. தவளை உலோகம்தான், ஆனால் மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்திருப்பார்கள். அடியில் ஒரு ஒயர் தொங்கும். வேண்டுமென்றால் இணைக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

பிளாஸ்டிக் தவளையில் என்ன குறை?

பெரிய இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு, எட்டு சக்கரங்களில் மின்சாரம் எடுக்கும் இன்ஜினில் ஒன்று பிளாஸ்டிக்கில் நின்றாலும் மற்றவை காப்பாற்றிவிடும். கஷ்டம் குட்டி இன்ஜினுக்குத்தான். யார்டில் பெட்டிகளை இழுக்கும் நான்கு சக்கர ஷண்டிங் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பரவலாக இருக்கும் 'ஓஓ' அளவில், நிஜத்தில் 1 அடி என்பது மாடலில் 4 மில்லிமீட்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நிஜத்தில் 6 அடி இடைவெளி என்றால், மாடலில் வெறும் 24 மில்லிமீட்டர்.

அந்த இன்ஜினுக்கு ஒரு பக்கத்தில் இரண்டே சக்கரம். ஒன்று பிளாஸ்டிக் தவளையின் மேல் ஏறும்போது, மின்சாரம் எடுக்க மிச்சம் ஒன்றுதான். அதன் அடியில் ஒரு துளி தூசு இருந்தால் போதும், கதை முடிந்தது. வேகமாக ஓட்டினால் வந்த வேகத்தில் தாண்டிவிடும். ஆனால், யார்டில் யாரும் இன்ஜினை விரட்டுவதில்லை. மெதுவாக ஊர்ந்து வந்து, ஒரு பெட்டியை மெல்ல முட்டி நிறுத்துவதில்தானே அந்த விளையாட்டின் சுவையே இருக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பிளாஸ்டிக் தவளைக்குப் பின்னால் சிவப்பும் கறுப்பும் மிக நெருக்கமாக வந்து சேரும். சக்கரம் கொஞ்சம் அகலமாக இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டு, ஒரு நொடி பொறி பறக்கும். இதற்குக் கைவைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது: நக பாலிஷ்! தண்டவாளங்கள் சேரும் முனையில் நிறமற்ற நக பாலிஷை மெல்லியதாக ஒரு பூச்சு பூசிவிட்டால், அந்த இடம் மட்டும் மின்சாரம் கடத்தாது. நாளாக ஆகத் தேயும். மறுபடி பூச வேண்டும்.

நாக்கை நம்பாதே!

சரி, உலோகத் தவளை வாங்கியாகிவிட்டது. இனி நிம்மதிதானே என்றால், இல்லை.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்தால், உலோகத் தவளைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நாக்கிலிருந்து. எந்த வெளித் தண்டவாளத்தோடு நாக்கு ஒட்டுகிறதோ, அதன் மின்சாரம் நாக்கு வழியாகத் தவளைக்குப் போகும். யோசித்துப் பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. நேராக வைத்தால் இடது நாக்கு ஒட்டும், தவளை சிவப்பு. திருப்பினால் வலது நாக்கு ஒட்டும்; தவளை கறுப்பு. தனியாக ஸ்விட்சே வேண்டாம்.

முதல் ஆறு மாதம் இது அருமையாக வேலை செய்யும். பிறகு நாக்கின் ஓரத்தில் தூசு படியும். தண்டவாளத்துக்கு நிறம் அடித்தபோது தெறித்த பெயின்ட் ஒரு பொட்டு இருக்கும். ஜல்லி ஒட்டிய பசை கொஞ்சம் கசிந்திருக்கும். நாக்கு ஒட்டினாற்போலத்தான் தெரியும்; மின்சாரம் போகாது. பாயிண்ட் முழுக்கச் செத்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டு நாக்கும் தவளையும் ஒன்றாக இணைந்திருப்பதால், ஒட்டாமல் விலகி நிற்கும் நாக்கும் அதே நிறமாகிவிடும். ரயில் நேராகப் போகிறது, தவளை சிவப்பு. விலகி நிற்கும் வலது நாக்கும் சிவப்பு. அதற்கு ஒரு மயிரிழை தள்ளிக் கறுப்பு வெளித் தண்டவாளம். அந்த இடைவெளியில் போகும் சக்கரத்தின் முதுகு நாக்கை உரசினால், உடனே ஷார்ட். பழைய டி.சி. முறையில் இன்ஜின் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் போகும். டிஜிட்டல் முறையில் அந்த ஒரு கண்சிமிட்டலுக்கே கன்ட்ரோலர் மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிடும். எங்கோ மலைப் பாதையில் போய்க்கொண்டிருக்கும் இன்னொரு ரயிலும் சேர்ந்து நிற்கும்.

நாக்குக்கு விதித்த வேலை ரயிலைத் திருப்புவது. அதன் தலையில் மின்சாரம் கடத்தும் வேலையையும் கட்டினால் இரண்டும் கெடும். நகரும் பாகம் நகரட்டும். மின்சாரத்துக்குத் தனி ஒயர் போடுங்கள். அனுபவசாலிகளின் ஒயரிங் ரகசியம் இவ்வளவுதான்.

நாலே வேலை

இதைச் செய்யப் பாயிண்டைப் பலகையில் பதிப்பதற்கு முன்பே உட்கார வேண்டும். பதித்து ஜல்லி ஒட்டிய பிறகு செய்வது, வீடு கட்டி முடித்த பிறகு சுவரை உடைத்துக் குழாய் பதிப்பது மாதிரி.

ஒன்று: உள் தண்டவாளங்களுக்கும் தவளைக்கும் இடையே இருக்கும் இணைப்பைத் துண்டிப்பது. பீக்கோ எலக்ட்ரோஃபிராக் பாயிண்டைக் கவிழ்த்துப் பார்த்தால் இரண்டு சின்னக் கம்பிகள் அந்த இடைவெளியைப் பாலம் போட்டு இணைத்திருக்கும். அவற்றை வெட்டிவிட்டால் போதும்.

இரண்டு: ஒவ்வொரு உள் தண்டவாளத்தையும் அதன் பக்கத்து வெளித் தண்டவாளத்தோடு ஒரு துண்டு ஒயரால் சால்டர் செய்து இணைப்பது. இப்போது இடது நாக்கு எப்போதும் சிவப்பு, வலது நாக்கு எப்போதும் கறுப்பு. ஒட்டினாலும் விலகினாலும் நிறம் மாறாது. சக்கரத்தின் முதுகு உரசினாலும் ஷார்ட் ஆகாது; இரண்டும் ஒரே நிறம்தானே.

மூன்று: தவளைக்குப் பின்னால் நீளும் இரண்டு உள் தண்டவாளங்களின் முனையிலும் உலோக இணைப்புக்குப் பதில் பிளாஸ்டிக் இணைப்பு மாட்டுவது. இதை மறந்தால், நிறம் மாறும் தவளை அடுத்த தண்டவாளத்தின் மாறாத நிறத்தோடு மோதும். அதிகம் பேர் மறப்பதும் இந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளைத்தான்.

நான்கு: தவளைக்கு ஒரு ஒயர் கொடுத்து, அதை ஒரு ஸ்விட்ச் வழியாகச் சிவப்புக்கோ கறுப்புக்கோ மாற்றுவது.

அந்த ஸ்விட்ச் மூன்று கால் உள்ள சாதாரண 'டூ வே' வகை. நடுக் காலில் தவளை ஒயர். ஓரத்துக் கால்களில் ஒன்றில் சிவப்பு, மற்றொன்றில் கறுப்பு. மாடிப்படி விளக்குக்கு மேலே ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு ஸ்விட்ச் போடுவோமே, அதே குடும்பம்தான்.

ஸ்விட்சை யார் தட்டுவது?

பாயிண்டைத் திருப்பும்போது ஸ்விட்சும் தானாக மாற வேண்டும். 'நாக்கைத் திருப்பினேன், ஸ்விட்சை மறந்துவிட்டேன்' என்று யாரும் சொல்ல இடம் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே அசைவில் கட்டிப்போட வேண்டும்.

மிகவும் மலிவான வழி, நகர்த்தும் வகை ஸ்விட்ச். அதன் குமிழில் ஒரு துளை போட்டு, ஒரு இரும்புக் கம்பியைக் கோத்து, கம்பியின் மறுமுனையை நாக்குகளை இணைக்கும் பட்டையில் மாட்டிவிடலாம். பலகையின் ஓரத்தில் இருந்து ஸ்விட்சைத் தள்ளினால் கம்பி நாக்கையும் நகர்த்தும். தவளையின் மின்சாரமும் மாறும். மோட்டார் வேண்டாம், பழுதாக அதிகம் எதுவும் இல்லை. சின்ன லேஅவுட்டுக்கு இதைவிட நம்பகமான ஏற்பாடு குறைவு.

தூரத்தில் இருந்து இயக்க வேண்டுமென்றால் மோட்டார். இதில் இரண்டு ஜாதி. ஒன்று, 'டப்' என்று அடித்துத் திருப்பும் காந்தச் சுருள் வகை. இதற்கு மின்சாரம் ஒரு நொடி போதும். பட்டனில் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் சுருள் சூடாகிக் கருகிவிடும். குழந்தைகள் கையாளும் லேஅவுட்டில் இது நிச்சயம் நடக்கும். அதற்கு மருந்து 'சி.டி.யு' என்ற சின்னப் பெட்டி. கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேமித்துவைத்து, பட்டனைத் தொட்டதும் மொத்தமாகக் கொட்டிவிடும். அதன்பிறகு எவ்வளவு நேரம் அழுத்தினாலும் சுருளைச் சுடுமளவு மின்சாரம் போகாது. அடி பலமாக விழுவதால் நாக்கும் நன்றாக ஒட்டும்.

இன்னொன்று, மெதுவாகத் திருப்பும் மோட்டார். அமெரிக்காவின் 'டார்ட்டாய்ஸ்' இதில் பிரபலம். பெயரே ஆமை! உண்மையான பாயிண்ட் மாதிரி நிதானமாக நகரும். கடைசிவரை போய் முட்டிய பிறகும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்; அப்படி இருக்கவே வடிவமைத்ததால் கெடாது. தவளைக்குத் தேவையான ஸ்விட்ச் இதற்குள்ளேயே இருக்கிறது. தவளையைக் காப்பாற்ற ஆமை!

டிஜிட்டல் முறையில் ஓட்டுபவர்களுக்கு 'ஃபிராக் ஜூஸர்' என்று ஒரு கருவியும் கிடைக்கிறது. சக்கரம் தவளையைத் தொட்டதும் ஷார்ட் வருகிறதா என்று பார்த்து, கன்ட்ரோலர் விழித்துக்கொள்வதற்குள் நிறத்தை மாற்றிவிடும். ஸ்விட்சே வேண்டாம். ஆனால், டி.சி. லேஅவுட்டுக்கு இது உதவாது.

இணைப்புத் தகடு தாங்காது

பாயிண்ட் ஒழுங்காகிவிட்டது. அந்தப் பாயிண்டுக்கு மின்சாரம் ஒழுங்காக வருகிறதா?

தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்ன உலோகத் தகடு, தண்டவாளங்களை நேர்க்கோட்டில் பிடித்துவைக்கத்தான். பலரும் அதையே மின்சாரப் பாதையாகவும் நம்புகிறார்கள். வெயிலுக்கும் குளிருக்கும் தண்டவாளம் நீண்டு சுருங்கும், தகடு தளரும், உள்ளே பசையும் பெயின்ட்டும் புகும். பத்துத் தகடுகளைத் தாண்டி வரும் மின்சாரம், பத்துக் கை மாறி வந்த பால் மாதிரி நீர்த்துப்போய்த்தான் வரும். நாக்குக்குச் சொன்ன விதியே தகட்டுக்கும்: பிடித்துவைக்கும் வேலை மட்டும் அதற்குப் போதும்.

பலகைக்கு அடியில் ஒரு சிவப்பும் ஒரு கறுப்புமாக இரண்டு தடித்த ஒயர்களை நீளமாக ஓடவிட வேண்டும். வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் நடுத்தர லேஅவுட்டுக்குத் தாராளம். மேலே உள்ள ஒவ்வொரு தண்டவாளத் துண்டில் இருந்தும் ஒரு மெல்லிய ஒயர் துளை வழியே இறங்கி, இந்தத் தடித்த ஒயரில் சேர வேண்டும். மெல்லிய ஒயர் குட்டையாக இருக்கட்டும். நிறத்தை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது. 'இந்த ஒரு இடத்தில் மட்டும் பச்சை' என்று போடும் ஒயர்தான், இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுக்க விழுங்கும்.

சால்டரிங் பயம் வேண்டாம். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள். தண்டவாளத்துக்கும் ஒயருக்கும் தனித்தனியே கொஞ்சம் ஈயப்பற்று வையுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து இரும்பை இரண்டு நொடி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதிக நேரம் வைத்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும். இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்தால் சூடு பரவாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். வேலை முடிந்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் ஒயரை நறுக்கலாம், நிறம் பார்த்துக் கொடுக்கலாம். சூடான இரும்பும், 230 வோல்ட் வரும் அடாப்டரும் பெரியவர்கள் பொறுப்பு. அடாப்டரைத் திறந்து கைவைக்கவே வேண்டாம்.

ரயில் நின்றால் எங்கே பார்ப்பது?

இன்ஜினே இல்லை, பாயிண்டைத் திருப்பியதுமே ஷார்ட் ஆகிறது என்றால், தவளைக்குப் பின்னால் பிளாஸ்டிக் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அல்லது தண்டவாளம் நகர்ந்து அந்த இடைவெளி மூடிவிட்டது.

இன்ஜின் தவளையைத் தொட்டதும் ஷார்ட், அதுவும் இரண்டு வழியிலும் என்றால், ஸ்விட்சின் ஓரக் கால்களில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிப் போட்டால் சரி.

தவளையில் ஷார்ட் இல்லாமல் விளக்கு மட்டும் அணைகிறது என்றால், தவளை ஒயர் விட்டிருக்கிறது அல்லது ஸ்விட்ச் முழுதாக நகரவில்லை.

ஒரே ஒரு இன்ஜின் மட்டும் நாக்கின் அருகே தகராறு செய்தால், பாயிண்டைத் திட்டாமல் சக்கரத்தைப் பாருங்கள். 'ஓஓ' அளவில் இரண்டு சக்கரங்களின் முதுகுகளுக்கு இடையே சுமார் 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் உரசும்.

எல்லா இடத்திலும் தயங்கித் தயங்கி ஓடினால், அழுக்கு. தண்டவாளத்துக்கு 'நிக்கல் சில்வர்' என்று பெயர். ஆனால் வெள்ளி ஒரு பொட்டும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் கலவை. பருத்தித் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் கறுப்பு வந்துவிடும். சக்கரங்களையும் சேர்த்துத் துடைக்க வேண்டும்.

டிஜிட்டல் லேஅவுட் என்றால் நாணயப் பரிசோதனையும் உண்டு. ஒவ்வொரு பாயிண்டிலும் இரண்டு தண்டவாளங்களின் குறுக்கே ஒரு நாணயத்தை ஒரு கணம் வைத்து எடுக்க வேண்டும். கன்ட்ரோலர் உடனே மின்சாரத்தை நிறுத்தினால் ஒயர் நன்றாக இருக்கிறது. நிறுத்தாமல் நாணயம் சூடாகிறது என்றால், அந்த இடத்துக்கு வரும் ஒயர் மெலிது அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. இதை விட்டுவைத்தால் ஒருநாள் இன்ஜினின் பிளாஸ்டிக் உருகும்.

இன்ஜினுக்குள் கெப்பாசிட்டர் வைத்து, மின்சாரம் விட்டுப்போன இடத்தைத் தாண்டவைக்கும் வழியும் இப்போது பரவலாகியிருக்கிறது. நல்ல ஊன்றுகோல்தான். ஆனால், ரோட்டில் உள்ள பள்ளத்தை மூடாமல் வண்டியின் ஸ்ப்ரிங்கை மட்டும் மாற்றுவது போல அது.

பலகைக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கினார்கள். அதில் இரண்டு கூட்டம். ஒன்று பலகைக்கு மேலே மலையும் மரமும் செய்தது. இன்னொன்று பலகைக்கு அடியிலேயே கிடந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயன்படும் ரிலேக்களை வாங்கிவந்து, எந்த ரயிலுக்கு எந்தத் தடத்தில் மின்சாரம் போக வேண்டும் என்று ஒயர்களால் பின்னிக்கொண்டே இருந்தது. 'ஹேக்' என்ற சொல்லை 1959-லேயே தங்கள் கிளப் அகராதியில் எழுதிவைத்தவர்கள் இவர்கள். பிறகு இதே மாணவர்களில் பலர் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். 'ஹேக்கர்' என்ற சொல் அவர்களோடு போய் உலகம் முழுக்கப் பரவியது.

எல்லா வீட்டுப் பலகைக்கு அடியிலும் ஹேக்கர் பிறக்க மாட்டார். ஆனால், ஒரு தவளை ஏன் நிறம் மாற வேண்டும் என்று யோசித்து, இரண்டு ஒயரை மாற்றிப் போட்டு, நின்ற இன்ஜினை ஓடவைத்த ஒரு பிள்ளைக்கு, மின்சாரப் பாடத்தில் அதன்பிறகு யாரும் எதையும் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால், லேஅவுட் முழுவதையும் ஒரே நாளில் பிரித்துப் போட வேண்டாம். அதிகம் நிற்கும் பாயிண்ட் எது என்று பாருங்கள். அதை மட்டும் கழற்றி, நாலு வேலையையும் செய்து, திரும்ப வையுங்கள். வீட்டில் இருப்பதிலேயே சின்ன இன்ஜினை எடுத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விளக்கு ஒரு முறைகூடச் சிமிட்டாமல் தவளையைத் தாண்டிவிட்டதா? அடுத்த பாயிண்டைக் கழற்றலாம்.

(அடுத்த வாரம்: ஜல்லி ஒட்டும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க...)